ஊருக்கு எழுதினது

இல்ல முதலாளி, நான் நின்னுக்கினே பேசறேன். உக்காந்தா எனக்கு வார்த்தை வராது. பரவால்ல, ஃபேன் காத்து இங்கியே வருது. ஆமா, மணி ஒண்ணரைதான் ஆவுது, மூணுக்கு இன்னும் நேரம் இருக்குது. வாபஸ் வாங்கறாளா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லுடான்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான், நான் குத்தம் சொல்லல. ஒரே வார்த்தையில முடியற விஷயமா இருந்தா காலையில வந்த உங்க மேனேஜரு வேல்முருகன் கிட்டயே சொல்லி அனுப்பியிருப்பேனே. உங்களை நேர்ல பாத்துப் பேசணும்னுதான் சாப்பாட்டு நேரம்னு கூடப் பாக்காம வந்தேன்.

உங்க மேனேஜரு நல்லாத்தான் பேசினாரு. மரியாதைக் கொறச்சல் ஒண்ணியும் இல்ல, பைக்கை விட்டு எறங்கல, அவ்ளோதான். பரமசிவம், உன் பொண்டாட்டியை மூணு மணிக்குள்ள எலெக்சன் ஆபீசுக்குக் கூட்டிக்கினு போயி வாபஸ் வாங்க வையி, இல்லாங்காட்டி தறியில இருக்கற பாவை முதலாளி கிட்டத் திருப்பிக் குடுத்துடு, அப்புறம் இந்த ஊர்ல எவனும் உனக்குப் பாவு குடுக்க மாட்டான்னாரு. தறி என்னுதுதான். வூடும் என்னுதுதான். ஆனா பாவா ஓடற பட்டு இழையும் ஜரிகையும் உங்களுது. நீங்க குடுக்கலன்னா அந்தத் தறி துணி காயப் போடத்தான் ஆவும். அம்பது வயசு தாண்டியாச்சு, எனக்கு வேற தொழிலு தெரியாது. பட்டறையில போயி வாட்ச்மேன் வேலை கேக்கணும். கேட்டாலும் நீங்க ஒரு போன் போட்டா அதுவும் கெடைக்காது.

உங்க பக்கம் இன்னா நாயம்னு எனக்குத் தெரியாம இல்ல. இந்த வாட்டி நம்ம வார்டை லேடீஸ் வார்டா ஆக்கிட்டாங்க. நீங்க நிக்க முடியாது, மருமகப் பொண்ணை நிக்க வெச்சீங்க. மனு போட்ட மத்தவங்க கிட்ட எல்லாம் பேசி வாபஸ் வாங்க வெச்சாச்சு. அங்கம்மாள் அக்கா கூட நேத்து வாங்கிட்டாங்க. பாக்கி என் வூட்டுக்காரி கலாவதி ஒருத்திதான். அவளும் விலகிட்டா போட்டியே இல்லாம செயிச்சிடலாம். மாலையும் பட்டாசும் வாங்கி வெச்சிட்டதாக் கூட கேள்வி. சும்மா சொன்னேன், மொறைக்காதீங்க.

இத்தனைக்கும் காரணம் அவ இல்ல முதலாளி. நான். நான் எழுதின பிளாக்கு. அத்த ஆரம்பத்துலேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

சிரிக்கறீங்க. சிரிங்க. வர்ற அமாவாசையோட ஒரு வருஷம் முடியுது. ஆரம்பிச்சதும் அமாவாசைதான், நமக்குத் தறி லீவு அன்னிக்குத்தானே. அதுக்கு முன்னாடியெல்லாம் காலையில தறிக்குழியில காலை வெச்சேன்னா சாயங்காலம் வரைக்கும் அரசியல் பேசுவேன். கையும் ஓடும், வாயும் ஓடும். கரையைத் தனியா சேத்து நெய்யற கோர்வைப் புடவைக்கு ரெண்டு ஆளு வேணுமே, பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடாக்கட்டை தள்ற கலாவதி எழுந்து ஓடவும் முடியாது. எத்தினி வருஷம்தான் கேப்பா? ஒரு நாளு கையெடுத்துக் கும்பிட்டுட்டா. யோவ், சொல்லணும்னா ஊருக்குச் சொல்லுய்யா, என் காதை விட்டுடுன்னா. அந்த வாரம் என் பொண்ணு சங்கரி லீவுல வந்திருந்திச்சு, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில இருக்குதே, அதுதான் போன்லயே பிளாக்கு தொறந்து குடுத்திச்சு. குழாயடின்னு பேரு வெச்சேன். எழுதறவன் பேரு ஊர்க்காரன்.

ஏன் பிளாக்குன்னா, ஃபேஸ்புக்குன்னா மூஞ்சி தெரிஞ்சிடும். வீடியோ போட்டா கொரலு தெரிஞ்சிடும், என் கொரலுதான் தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி தெருமுனை வரைக்கும் போவுமே. பிளாக்குல ஒண்ணியும் தெரியாது, வெறும் எழுத்து. எவன் திட்டினான்னு தெரியாம திட்டலாம். நான் ஏதோ பெரிய வீரன்னு நெனச்சிடாதீங்க. பயந்தவனுக்கு ஏத்த எடம்னுதான் அத்தப் புடிச்சேன்.

மொதல்ல நாதியில்ல. சங்கரியும் அது கூட ரூம்ல இருக்கற பொண்ணுங்களும் படிச்சிருப்பாங்க. அப்புறம் குடிதண்ணிக் கொழாயைப் பத்தி ஒண்ணு எழுதினேன். பொம்பளைங்க தூக்கம் முழிச்சிக் கொடத்தோட நிக்கறாங்க, கொழாயில காத்துதான் வருது, ஆனா கட்சிக் கொடிக்கம்பத்தைக் கழுவ மட்டும் லாரித் தண்ணி வருதுன்னு. அத்த எவனோ பிரிண்ட் எடுத்து எங்க தெருமுனை டீக்கடையில ஒட்டிட்டான். எதிர்வூட்டு காசிநாதன் சத்தமா படிக்கறான், அஞ்சாறு பேரு நின்னு கேக்கறாங்க. நான் பன்னைத் தின்னுக்கினே, யாருப்பா அது, நல்லா எழுதியிருக்கானேன்னு கூசாம கேட்டேன். யாருன்னு தெரிலடா, ஆனா நம்ம ஆளுதான்னு காசிநாதன் சொன்னான். அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்துல கூட இல்ல முதலாளி. மலேசியாலேர்ந்து ஒருத்தரு, ஆரணிலேர்ந்து ஒரு வாத்தியாரு, எங்கெங்கியோ இருந்து எழுதினாங்க. நீங்க எழுதறதைப் படிச்சா தைரியம் வருது சார்னு. என்னைப் போயி சாருன்னு.

இன்னா மாறிச்சுன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணியும் மாறல. கொழா அப்பிடியேதான் இருக்குது. கால்வாயைப் பத்தி எழுதினேன், கால்வாயும் கட்டினாங்க, வேற தெருவுல. மாறினது நான்தான். காரமா எழுதினா கூட்டம் ஜாஸ்தி வருதுன்னு கண்டுபுடிச்சேன். ஒரு ஆளைப் பத்தி எழுதறப்ப அவன் செஞ்ச நல்லதை விட்டுட்டோம்னா நல்லா ஓடுது. கொரோனாவுல நீங்க எல்லாத் தறிக்காரன் வூட்டுக்கும் அரிசி அனுப்பினீங்க. எங்க வூட்டுலயும் அதான் ஒலை வெச்சோம். உங்களைத் திட்டி எத்தினி எழுதியிருப்பேன், அந்த அரிசியை ஒரு எடத்துலயும் எழுதல. எழுதினா சப்புன்னு ஆயிடும்னு விட்டுட்டேன். இத்த உங்க கிட்டச் சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்திச்சு.

அந்தக் காரு விஷயத்துலதான் மாட்டிக்கினேன். உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா நெனச்சா இன்னிக்கும் ரோதனையா இருக்குது. அன்னிக்கு விடியக்காலையில தெருவுல பாவு விரிச்சிருந்தோம். தெரு நீளத்துக்கும் பட்டு இழை. பாவு விரிச்சிருந்தா நம்ம ஊர்ல எந்த வண்டியும் நிக்கும், சாவு ஊர்வலம் கூட சுத்திக்கினு வேற தெருவா போவும். உங்களைப் பாக்க மெட்ராஸ்லேர்ந்து வந்த கட்சிப் பெரியவரு காரு மட்டும் ஆரன் அடிச்சிது. ஆளுங்க எறங்கி வந்து, சுருட்டு சுருட்டுன்னாங்க. சுருட்டினோம். சிக்கு எடுத்து மாளல. அத்த எழுதினேன். உஷாரா தெரு பேரை மாத்தினேன், காரு கலரை மாத்தினேன், ஆளுங்க பேரே போடல. ஆனா கூறுகெட்டத்தனமா, பின் சீட்டுல ஒரு கொழந்தை இது எதுவும் தெரியாம செல்லுல பொம்மைப் படம் பாத்துக்கினு இருந்திச்சின்னு ஒரு வரி சேத்துட்டேன். படிக்கறவங்களுக்கு நல்லா இருக்குமேன்னு.

அது எல்லாப் பக்கமும் கருப்புக் கண்ணாடி போட்ட காரு. ஒரு பக்கம் மட்டும்தான் எறக்கி விட்டிருந்தாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து உள்ள பாக்க முடிஞ்சவன், பாவோட கெழக்கு முனையில கம்பைப் புடிச்சிக்கினு நின்னவன் ஒருத்தன்தான். எங்க தெருவுல யாரு பாவு விரிச்சாலும் எந்த வூட்டுக்காரன் எங்க நிக்கணும்னு இருக்குது, கெழக்கு முனை எப்பவும் எங்க வூட்டு எடம். வேற ஊரா இருந்தா எந்த போலீசாலயும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. நீங்க பாவு புடிச்சி வளந்த மனுஷன். படிச்ச ஒடனே தெரிஞ்சிடுச்சு உங்களுக்கு.

அன்னிக்கே நாலு அறை விட்டிருந்தீங்கன்னா கூட தேவல. நான் புடவை குடுக்க வந்தேன். இன்னா ஊர்க்காரா, சௌக்கியமான்னு கேட்டீங்க. அவ்ளோதான் கேட்டீங்க. சிரிச்சிக்கினே புடவையைப் பிரிச்சிப் பாத்தீங்க, நல்லா இருக்குதுன்னு சொல்லி அடுத்த பாவையும் குடுத்தீங்க. வூட்டுக்கு வந்து கலாவதி கிட்டக் கூடச் சொல்லல. எப்பிடிச் சொல்றது? எழுதறதே நான்தான்னு அவளுக்குத் தெரியும், ஆனா படிக்கறாளான்னு நான் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல. நம்மளை விட்டுதே சனியன்னு சந்தோஷமா இருக்கறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

அதுக்கப்புறம் பாத்திருப்பீங்களே, வார்டைப் பத்தி ஒரு வரி எழுதல. டெல்லியைத் திட்டினேன். அமெரிக்காவைத் திட்டினேன். அமெரிக்காவைத் திட்டினா அமெரிக்காக்காரன் வந்து என் பாவைப் புடுங்கப் போறதில்ல. மூணு நாலு மாசம் அப்பிடியே ஓட்டினேன். எழுதவே புடிக்காமப் போச்சு. ஆனா நிறுத்தவும் முடியல, எத்தினி பேரு படிச்சாங்கன்னு காலையில எழுந்த ஒடனே பாக்கற பழக்கம் ஒட்டிக்கிச்சு. அப்பத்தான் ஒருத்தன் கீழ எழுதினான். ஊர்க்காரனை வெலைக்கு வாங்கிட்டாங்க போலிருக்குதேன்னு. ஆரணி வாத்தியாரு கூட, உண்மையா ஐயான்னு கேட்டாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. பயந்துட்டான்னு சொல்லியிருந்தா நாயம், ஒத்துக்கினு போயிருப்பேன். வெலைக்கு வாங்கிட்டாங்கன்னா பொறுக்கல.

அந்தக் கோவத்துலதான் லேடீஸ் வார்டு பதிவை எழுதினேன். பேருக்கு ஒரு பொம்பளை, நாற்காலியில உக்கார்றது மாமனாருன்னு. கையெழுத்து ஒருத்தருது, கையி இன்னொருத்தருதுன்னு. அதுல உங்க வூட்டுப் பொண்ணைப் பத்தி நான்...

வாம்மா. அய்யோ எனக்கு எதுக்கும்மா மோரு, இப்பத்தான் வர்ற வழியில... சரி குடும்மா. இல்ல, நின்னுக்கினே குடிக்கறேன். வூட்ல எல்லாரும் நல்லா இருக்கறாங்க. கலாவதியும் நல்லா இருக்கறா. சொல்றேம்மா, நீ கேட்டதா சொல்றேன். ரொம்ப சந்தோஷம்.

உள்ள போயிடுச்சா? சத்தத்தைக் கொறச்சிக்கறேன். அந்தப் பதிவுல நான் உங்க மருமக தீபிகாவை கொலு பொம்மைன்னு எழுதினேன் முதலாளி. ஒம்பது படியில எங்க தூக்கி வெச்சாலும் உக்காரும்னு எழுதினேன். எம்.காம். படிச்ச பொண்ணு. படிச்சிருக்கும் அத்த, கண்ணைப் பாத்தா தெரியுது. படிச்சிட்டுத்தான் மோருல கொத்தமல்லி போட்டு எடுத்தாந்து குடுத்துட்டுப் போவுது. டம்ளரை இப்பிடி ஓரமா வெச்சிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கலாவதியும் அதுக்குத்தான் என்னைப் புடிச்சிக்கினா. அந்தப் பொண்ணு உனக்கு இன்னாய்யா பண்ணிச்சு, திட்டறதுன்னா நிக்க வெச்சவரைத் திட்டேன், அவரைத் திட்ட பயம், அதனால பொண்ணைத் திட்டிட்டன்னா. கரெக்டா சொல்லிட்டா. அந்தப் பொண்ணு மேல அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ரெண்டு பேரும் நிப்போம், ஊரு பாத்து யாருக்கோ போடட்டும், ஓட்டுன்னு ஒண்ணு நடக்கட்டும்னுதான் சொல்றா.

நான் விஷயத்தை விட்டு எங்கியோ போறேன். அந்தப் பதிவோட கடைசியில, முடிக்கறப்ப கொஞ்சம் வேகமா முடிக்கணும்னு ஒண்ணு எழுதினேன். இவ்ளோ பெரிய வார்டுல, கேள்வி கேக்கறதுக்குப் பயப்படாத பொம்பளை ஒருத்தி கூடவா இல்ல, ஒருத்தி எழுந்து நின்னா போதாதான்னு. சும்மா எழுதறதுதானே முதலாளி. மேடையில பேசறவங்க கூடத்தான் கேக்கறாங்க, யாராச்சும் எழுந்து வந்தா அவங்களே பயந்துடுவாங்க. அன்னிக்கு மட்டும் ஆயிரம் பேருக்கு மேல படிச்சாங்க. நான் நிம்மதியா தூங்கினேன், வெலைக்கு வாங்கல என்னைன்னு காட்டிட்டோமேன்னு.

மறுநாளு காலையில பாக்கறேன், தறிக்கு வர வேண்டியவ தலை குளிச்சிட்டு, நல்ல புடவை கட்டிக்கினு, பீரோவுல ஓட்டர் அட்டையைத் தேடறா. எங்க கெளம்பிட்ட, கல்யாணமான்னேன். ஒருத்தி எழுந்து நின்னா போதும்னு எழுதியிருந்தியே, நிக்கறதுக்குப் போறேன்னா. எனக்கு மொதல்ல வெளங்கல. கிண்டல் பண்றான்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. ஒரு வருஷமா ஒண்ணு விடாம படிச்சிருக்கறா முதலாளி. நான் குளிக்கப் போற நேரத்துல, டீ குடிக்கப் போற நேரத்துல. கொழா பதிவு, கால்வாய் பதிவு, காரு பதிவு, எல்லாம் மனப்பாடமா சொல்றா. அமெரிக்கா எழுதினதை மட்டும் படிக்கலியாம். அது உனக்கே புடிக்காம எழுதினதுய்யா, தெரியுது படிக்கறப்போன்னா.

முன்மொழியறதுக்கு வார்டுக்காரன் ஒருத்தன் கையெழுத்து வேணும்னாங்க. காசிநாதன் கிட்டப் போனா. அவனும் உங்க பாவுதான் நெய்யறான், அண்ணி என்னை விட்டுடுங்கன்னு அழுவாத கொறை. டீக்கடையில சத்தமா படிச்சவன்தான். நான் அவனைக் கொறை சொல்லல, எனக்கு அவன் நெலைமை தெரியும். வேற யாரும் வரல. கடைசியில பேப்பரை எடுத்தாந்து தறி மேல என் முன்னாடி வெச்சா. ஊருக்கெல்லாம் எழுதற கை, இதுல எழுதாதுன்னு எப்பிடிச் சொல்வேன்? போட்டேன். போடறப்போ நெசமாவே நெனச்சேன், நீங்க கூப்புட்டு ஒரு அதட்டல் போடுவீங்க, அவளும் வாபஸ் வாங்கிடுவா, கொஞ்ச நாளு பேசிட்டு ஊரு விட்டுடும்னு.

சொல்றேன் முதலாளி, விஷயத்துக்குத்தான் வர்றேன். போனை எதுக்கு எடுக்கறீங்க? வேல்முருகனைக் கூப்புட வேணாம், நானே சொல்றேன். ரெண்டே நிமிஷம்.

காலையில அவரு வந்துட்டுப் போன ஒடனே நான் கலாவதியை உக்கார வெச்சிப் பேசினேன். மறைக்காம பேசினேன். பாரு கலாவதி, நான் எழுதினதை நம்பாதே. நான் தைரியசாலி இல்ல. எவனும் என்னைக் கண்டுபுடிக்க மாட்டான்னு நெனச்சி எழுதினேன். கண்டுபுடிச்ச ஒடனே நிறுத்திட்டேன். அப்புறமும் எழுதினது வீம்புக்கு. நான் ஊருக்கு எழுதினேன், வூட்டுக்கு எழுதல. வூட்டுல எவளாச்சும் எழுந்து நிப்பான்னு தெரிஞ்சிருந்தா அந்த வரியையே எழுதியிருக்க மாட்டேன்னேன். அவ கண்ணு முன்னாடியே போனை எடுத்து அந்தப் பதிவை அழிச்சேன். பாருங்க, இப்ப இல்ல. லேடீஸ் வார்டு இல்ல, காரு இல்ல, உங்களைப் பத்தின எதுவும் இல்ல. நீங்க சொன்னா மிச்சத்தையும் இங்கியே அழிச்சிடறேன். இனிமே ஒரு வரி எழுத மாட்டேன், என் பொண்ணு மேல சத்தியமா.

அழிக்கறதை அவ பாத்துக்கினுதான் இருந்தா. அழிச்சா அழிச்சிக்கோ, நான்தான் படிச்சிட்டேனேன்னா. மழை வந்தா சாக்கடை எல்லாம் நம்ம தறிக்குழியில வந்து நிக்குது, அத்த எழுதினது நீ, மொண்டு ஊத்தினது யாருய்யான்னு கேட்டா. அப்புறம் ஒண்ணு சொன்னா முதலாளி. அத்த யார் கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், உங்க கிட்டச் சொல்றேன். நீ பயந்தாங்கொள்ளின்னு எனக்குக் கல்யாணமான வாரமே தெரியும்யா. அதனாலதான் நம்பினேன். உன்னை மாதிரி பயந்தவனே இவ்ளோ எழுதறான்னா விஷயம் அவ்ளோ உண்மையா இருக்கணும்னு நெனச்சேன்னா.

எனக்கு அழுகை வந்துட்டுது. இப்பவும் வருது பாருங்க. ஒரு வருஷமா எவன் எவனோ படிச்சான், லைக்கு போட்டான், சாருன்னான். ஒருத்தரும் கொழாயடியில கூட ஒரு கேள்வி கேக்கல. படிச்சிட்டுக் கெளம்பினவ இவ ஒருத்திதான். எழுதினவனுக்கு அது பெருமையா இருக்கணும். எனக்கு பயமாத்தான் இருக்குது. உங்க ஆளுங்க வாசல்ல வந்து நின்னு அசிங்கமா பேசினாங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்? எனக்குச் சண்டை தெரியாது, கம்ப்ளைண்ட் குடுக்கத் தெரியாது. அதுக்கோசரம்தான் உங்க கால்ல விழறதுக்குக் கூடத் தயாரா வந்தேன். ஓட்டுல தோக்கடிங்க முதலாளி, தாராளமா தோக்கடிங்க. உங்க கிட்ட ஆளு இருக்குது, கட்சி இருக்குது, அவ கிட்ட ஒண்ணியும் இல்ல. டெபாசிட்டு கூட போயிடும். ஆனா அவளை அசிங்கமா மட்டும் ஒரு வார்த்தை பேச விடாதீங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. எழுதினது நான்.

ஆமா முதலாளி. வாபஸ் இல்ல. அதான் பதில். அத்தச் சொல்லத்தான் இவ்ளோ நேரம் சுத்திச் சுத்திப் பேசிக்கினு இருக்கறேன்.

கத்தாதீங்க. பாவா? பாவுக்கு நீங்க ஆளு அனுப்பத் தேவையில்ல. வெளிய ஆட்டோல இருக்குது. அறுத்தாச்சு. பாதி நெய்ஞ்ச புடவையோட அப்பிடியே சுருட்டி எடுத்தாந்துட்டேன். நான் அறுக்கல, எனக்குக் கையி வரல. நெய்ஞ்சி முடியாத பாவை எங்க வூட்டுல யாரும் அறுத்தது கெடையாது. நான் கண்ணைத் தொடைக்கலியா, அதுக்குள்ள அவ கத்தரியை எடுத்துட்டா. எடுத்துக்கினு போயி அவங்க வூட்டுல வெச்சிட்டு, மரியாதையா சொல்லிட்டு வா, சண்டை போடாதேன்னா. சண்டை போடல பாருங்க நான்.

மிச்ச ஜரிகை தனியா பையில இருக்குது, எடை போட்டுப் பாத்துக்கோங்க. எங்க எறக்கி வெக்கட்டும், கடையிலயா, மாடியிலயா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க முதலாளி. அவ பேர்ல எவனாச்சும் வாபஸ் பேப்பர் குடுத்துடப் போறான்னு எலெக்சன் ஆபீஸ் வாசல்லயே போயி நிக்கறா. காலையிலேர்ந்து தனியா நிக்கறா. நான் அங்க போவணும்.